சந்தேகம் எப்போது நோயாகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமைப்பாளர்கள் தலைப்பு கேட்டபோது ‘மனநலம்’ என்று பொதுவாகப் போட்டுவிடலாமா என்றார்கள். அந்தப் பெயரில் இப்போது எதை வேண்டுமானாலும் பேசலாம்; தூக்கம், யோகா, பிள்ளைகளின் செல்போன் எல்லாமே அதற்குள் அடங்கும். நான் எடுத்துக்கொண்டது அதைவிடக் குறுகலான ஒன்று. நேற்றுவரை ஒழுங்காக வேலைக்குப் போய்வந்த ஒருவர் ‘பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறான்’ என்கிறார். அப்படி எதுவும் இல்லை என்று எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் அசைவதில்லை. எழுதும்போது இதைப் பிறழ்நம்பிக்கை என்கிறோம். நம் வீடுகளில் ‘சந்தேகம்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘அவனுக்குச் சந்தேகம் பிடிச்சிருக்கு’ என்றால் பாறசாலையிலும் புரியும், களியக்காவிளையிலும் புரியும். இன்று நானும் பெரும்பாலும் அந்தப் பேச்சுவழக்கையே வைத்துக்கொள்கிறேன்.

அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் மாநில எல்லை ஓடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை குடும்பங்களுக்கு நடுவே விழுந்தது. அண்ணன் பாறசாலைப் பக்கம், தங்கையைக் கட்டிக்கொடுத்தது கொல்லங்கோட்டில். வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோபத்தில் இரண்டும். திட்டுவதற்கு மட்டும் எல்லை கிடையாது. 1870இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய மனநல மருத்துவமனை திருவனந்தபுரம் ஊளம்பாறையில் இருக்கிறது. தமிழ்நாட்டோடு சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் மார்த்தாண்டத்துக்காரருக்குக் கோபம் வந்தால் எதிராளியைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவதில்லை, ஊளம்பாறைக்குத்தான் அனுப்புகிறார்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், வயது முப்பதை ஒட்டி. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிற வேலை. பால் எடுத்து முடிந்ததும், பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்துவைப்பார்கள், சருகும் மழைத் தண்ணீரும் விழாமலிருக்க. ஒரு நாள் நாலைந்து மரங்களில் சிரட்டை மல்லாந்து கிடந்தது. காற்றடித்தால், மரநாய் ஏறினால் அப்படிக் கிடக்கும். அவர் எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்கு அது அவருக்காகவே கிடப்பதாகத் தோன்றியது. யாரோ எதையோ சொல்ல வருகிறார்கள். என்னவென்று தெரியவில்லை. மறுநாள் சாயாக்கடையில் அவர் நுழைந்த நேரத்தில் ஒருவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தார். எல்லாவற்றுக்கும் நடுவே ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது, தனக்கு மட்டும் அது பிடிபடவில்லை என்ற தவிப்பு. இப்படிச் சில வாரம்.

பிறகு ஒரு ராத்திரியில் விடை கிடைத்துவிட்டது. எல்லைக்கல் தகராறில் இருந்த சித்தப்பா சாயாவில் கைவிஷம் என்னும் மந்திர மருந்தைக் கலந்து கொடுத்திருக்கிறார். கூடவே வெட்டுகிறவர்களும் கண்டக்டரும் அதற்கு உடந்தை. பிற்பாடு அவர் என்னிடம் சொன்னதில் மறக்க முடியாதது இது: அந்த விடை கிடைத்த அன்றுதான் பல நாளைக்குப் பிறகு அவர் நிம்மதியாக உறங்கினார்.

பயங்கரமான ஒரு முடிவுக்கு வந்த மனிதருக்கு எங்கிருந்து உறக்கம் வருகிறது? கிளாவுஸ் கொன்ராட் என்ற ஜெர்மன் மருத்துவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ மருத்துவமனையில் தான் பார்த்த இளம் நோயாளிகளைப் பற்றி 1958இல் ஒரு நூல் எழுதினார். நோய் தொடங்கும் கட்டத்துக்கு அவர் வைத்த பெயர், மேடையேறுமுன் நடிகர்களுக்கு வரும் நடுக்கத்தைக் குறிக்கும் சொல். ஏதோ நடக்கப் போகிறது, உலகமே மாறிக் கிடக்கிறது, ஆனால் என்னவென்று தெரியாது. அதைத் தாங்குவது கடினம். ‘என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்’ என்பது கொடுமையான விளக்கம்தான். விளக்கமே இல்லாமல் கிடப்பதற்கு அது தேவலை.

அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, டொராண்டோவில் பணியாற்றிய ஷிதிஜ் கபூர் 2003இல் எழுதிய கட்டுரையில் ஒரு பதில் இருக்கிறது. மூளையில் டோபமைன் என்றொரு வேதிப்பொருள். கண்ணில் படுகிற நூறு காரியத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று எடை போடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது நேரம் காலம் தெரியாமல் சுரந்தால், கவனிக்கத் தேவையில்லாத பொருளெல்லாம் முக்கியமாகிவிடும். மல்லாந்த சிரட்டை சாதாரணச் சிரட்டையாக இருக்காது. மனிதனுக்கு மிச்சமெல்லாம் சரியாக வேலை செய்கிறது என்பதால், அவன் அந்த முக்கியத்துவத்துக்குக் காரணம் தேடுகிறான். தேடிக் கண்டுபிடித்ததுதான் நாம் ‘சந்தேகம்’ என்று சொல்வது. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பெரும்பாலும் கதை இந்த வரிசையில்தான் வருகிறது. முதலில் உணர்வு, அப்புறம்தான் கதை.

இன்னொரு உதாரணம். கல்ஃபிலிருந்து வந்த மகனை வீட்டுக்குள் விட மறுத்தார் ஒரு வயதான அம்மா. ‘முகம் அவனுக்க முகம்தான். ஆனா இது என் பிள்ளை இல்ல.’ பிரெஞ்சு மருத்துவர் காப்கிரா 1923இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. முகத்தை அடையாளம் காணும் வழி ஒன்று, அந்த முகத்தைக் கண்டதும் உள்ளே ஊறுகிற பாசத்தின் வழி வேறொன்று. இரண்டாவது வழி அடைபட்டால் கண் ‘இவன்தான்’ என்கிறது, நெஞ்சு பதில் சொல்வதில்லை. அந்த அம்மா தன் நெஞ்சை நம்பினார். அவ்வளவுதான். வயதானவர்களிடம் இதைக் கண்டால் மறதிநோயின் தொடக்கமா என்று பார்க்க வேண்டும். ‘மருமகள் நகையை எடுத்துட்டா’ என்று புதிதாக ஆரம்பிக்கிற கிழவிகளையும் அப்படித்தான். தைராய்டு, வலிப்பு, குடியை நிறுத்திய மூன்றாம் நாள், கஞ்சா என்று சந்தேகத்துக்கு வேறு வாசல்களும் உண்டு. அவற்றை ஆராய்வது மருத்துவர் வேலை, இங்கே விரிக்கவில்லை.

பால்வெட்டுக்காரரை என்னிடம் கூட்டிவந்தது அவருடைய அம்மா. அதற்கு முன்பு இரண்டு மந்திரவாதிகளைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கைவிஷத்தைக் கக்கவைக்கக் கஷாயம் கொடுத்தார், பையனும் கக்கினான், ஒன்றும் மாறவில்லை. கைவிஷத்தில் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை உண்டு. எங்கள் பக்கத்தில் அனேகமாக எல்லோருக்கும் உண்டு. படித்தவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொண்டே நம்புவார்கள். அப்படியானால் மகனை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தீர்கள் என்று கேட்டேன்.

‘கைவிஷம்னு ஒண்ணு உண்டு சாரே. எங்க பெரியம்மையை அப்படித்தான் கெடுத்தாங்க. இவனுக்க சித்தப்பன் அது செய்யக்கூடிய ஆளுதான். ஆனா இவன் சொல்லுகது அது இல்ல. கைவிஷம் தின்னவன் வயித்து வலியில கிடப்பான், மெலிவான். கண்டக்டருக்க விசிலையா எண்ணிகிட்டு இருப்பான்?’

மருத்துவக் கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடத்தைவிடவும் இது தெளிவாக இருந்தது. கார்ல் யாஸ்பெர்ஸ் பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்றவர். ஹைடல்பெர்க்கில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1913இல், பிறழ்நம்பிக்கைக்கு மூன்று அடையாளங்கள் கொடுத்தார். அசைக்க முடியாத உறுதி, எந்த அனுபவமும் எதிர்வாதமும் தொடாத பிடிவாதம், நடக்க முடியாத உள்ளடக்கம். முதல் இரண்டிலும் சிக்கல் குறைவு. மூன்றாவதை வைத்துக்கொண்டு நம் கிராமங்களில் நுழைந்தால் பாதி ஊரை ஊளம்பாறையில் சேர்க்க வேண்டியிருக்கும். செய்வினை, கூடோத்திரம், உச்சி வேளையில் பனைமரத்தடியில் நிற்கும் யட்சி, இசக்கியம்மன் கனவில் வந்து சொன்னது எல்லாமே ‘நடக்க முடியாத உள்ளடக்கம்’தானே? அதனால்தான் இன்றைய மருத்துவக் கையேடுகள், ஒருவருடைய சமூகத்தில் மற்றவர்களும் ஏற்றுக்கொள்கிற நம்பிக்கையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த அம்மா கையேட்டைப் பார்த்ததில்லை. ஊர் நம்புகிற கைவிஷம் எங்கே முடிகிறது, மகனுடைய கைவிஷம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதை இன்னும் கூர்மையாகப் பார்க்க நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே ஒன்றை எடுக்கலாம். அய்யா வைகுண்டர் தம்மை நாராயணனின் அவதாரமாக வெளிப்படுத்தியது 1833இல். சுவாதித் திருநாள் ஆட்சியில், 1838–39இல், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அவரைச் சிறைவைத்தார்கள். ‘நானே நாராயணன்’ என்ற வாக்கியத்தை மட்டும் கத்தரித்து ஒரு ஓ.பி. சீட்டில் எழுதிவைத்தால், இன்றைய பயிற்சி மருத்துவர் பக்கத்தில் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வைகுண்டர், தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தார். ஒரே கிணற்றில் நீரெடுத்து ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார். இன்றும் எல்லையின் இரு பக்கமும் அவர் வழியினரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்கள் இருக்கின்றன. அவரை அவதாரமாக வணங்குகிறவர்களின் நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையில் சேராது. மருத்துவனாக நான் கவனிப்பது வேறு. அந்தச் சொல் ஆட்களைக் கூட்டியது, வேலை செய்ய வைத்தது, ஒழுங்கு கொடுத்தது. நோயாக வருகிற நம்பிக்கை இதற்கு நேர் எதிராகப் போகும். சித்தப்பாவைப் பிடிக்காத சொந்தக்காரர்கள்கூடப் பால்வெட்டுக்காரர் பக்கம் சேரவில்லை. ஒரே வார்டில் ‘நான்தான் கடவுள்’ என்கிற இருவர் இருந்தால்கூட ஒருவரை ஒருவர் ஏற்பதில்லை.

அதைச் சோதித்தே பார்த்தவர் உண்டு. அமெரிக்காவில் இப்சிலான்டி மருத்துவமனையில் மில்டன் ரோகீச் என்ற உளவியலாளர், தம்மைக் கிறிஸ்து என்று நம்பிய மூன்று நோயாளிகளை 1959 முதல் இரண்டு ஆண்டு ஒன்றாகவே வைத்திருந்தார். முரண்பாடு தெரிந்தால் நம்பிக்கை உடையும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் ‘பாவம், பைத்தியக்காரர்கள்’ என்ற வகையில் விளங்கிக்கொண்டார்கள். 1964இல் அதைப் புத்தகமாக்கிய ரோகீச், பிந்திய பதிப்பு ஒன்றில், அந்த மனிதர்களின் வாழ்க்கையில் அப்படிக் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று எழுதினார். வீட்டில் நாம் தினமும் செய்கிற தர்க்கமும் கிட்டத்தட்ட அதே பரிசோதனைதான்.

பொய்யாக இருந்தால்தான் நோய் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. கணவனுக்கு மனைவிமேல் வரும் சந்தேகம். நம் பகுதியில், குடியோடு சேர்ந்து, அதிகம் பார்க்கிறோம். ஒருவர் சொன்ன ஆதாரம்: கொடியில் துவர்த்து (துண்டு) காயப்போட்டிருந்த விதம். வலப்பக்கம் தொங்கினால் ‘ஆள் இல்லை, வா’ என்று பொருளாம். அவர் மனைவி உண்மையிலேயே வேறொருவரை விரும்பியிருந்தாலும் இவர் நோயாளிதான். காரணம், துவர்த்திலிருந்து அந்த முடிவுக்கு வந்த வழி. ஆகவே போலீஸ்காரரைப்போல உண்மையா பொய்யா என்று துப்புத் துலக்குவது எங்கள் வேலை இல்லை. இந்த வகைச் சந்தேகத்தில் மட்டும் நான் பொறுமையைச் சிபாரிசு செய்வதில்லை. முதலில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு, அவர் அம்மா வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் மருந்து. ‘அனுசரிச்சுப் போ’ என்று இந்த நிலையில் சொல்கிற பெரியவர்கள் ஆபத்தானவர்கள்.

கதைக்கு வேண்டிய சாமான்களை நோய் அந்தந்தக் காலத்திலிருந்தும் இடத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் என்பவர் லண்டன் பெத்லம் மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். ஒரு கும்பல் ‘காற்றுத் தறி’ என்னும் இயந்திரத்தால் கதிர்களை ஏவித் தன் எண்ணங்களை முறுக்குவதாகச் சொன்னார். அவர் மருத்துவர் ஜான் ஹாஸ்லம் 1810இல் அதைப் புத்தகமாக்கினார். நெசவு இயந்திரங்களின் காலம் அது. பின்னால் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் 1881 முதல் 2000 வரையிலான நோயாளிக் குறிப்புகளைப் புரட்டியவர்கள், புதுக் கருவிகள் வரவரச் சந்தேகங்களிலும் அவை நுழைந்ததைக் காட்டினார்கள். நம் பக்கத்தில் இப்போது செல்போன் டவரும் ஆதார் கார்டும்.

எல்லையும் ஒரு சாமான்தான். ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். தேதி, நேரம், வண்டி எண் என்று கட்டம் போட்டு, சிவப்பு மையில், ஆபீஸ் லெட்ஜர் எழுதுகிற ஒழுங்கோடு. எல்லாம் டி.என். 75 வண்டிகள், அதாவது மார்த்தாண்டம் பதிவு. கே.எல். 19 பாறசாலையில் டி.என். 75க்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. தேசிய நெடுஞ்சாலையில், சோதனைச்சாவடியிலிருந்து கூப்பிடுதூரத்தில் வீடு. டி.என். 75 ஓடாத நிமிஷம் அங்கே கிடையாது. நோட்டின் முதல் பக்கத்தில் நாளுக்கு ஐந்தாறு எண்கள். கடைசிப் பக்கங்களில் விளிம்பில்கூட இடமில்லை. தமிழ் பேசும் குடும்பம் அவருடையது. நோட்டு முழுக்க மலையாளம். புகார் கொடுக்க வேண்டிய இடம் மலையாளம் பேசுகிற அலுவலகம் என்பதால் அப்படி எழுதியதாகச் சொன்னார். பயத்தை மட்டும் என்னிடம் தமிழில் சொன்னார். இந்தப் பகுதியில் பணிசெய்கிற மருத்துவர் இரண்டு மொழியிலும் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

மாயக்குரல்களிலும் ஊரின் சாயல் உண்டு. மானிடவியலாளர் தான்யா லூர்மன் குழுவினர் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மத்தேயோ ஆகிய மூன்று இடங்களில், இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்கும் நோயாளிகளிடம் பேசினார்கள். அமெரிக்கர்களுக்குக் குரல்கள் பெரும்பாலும் யாரென்று தெரியாதவர்களின் வன்முறைப் பேச்சு. சென்னையில் பலருக்கு அது அம்மா, மாமியார், அக்காள். குளி, சாப்பிடு, வீட்டைப் பெருக்கு என்று வேலை ஏவுகிற குரல். நம் குடும்பங்கள் நோய்க்குள்ளும் விட்டுவைப்பதில்லை.

சரி, வீட்டில் ஒருவருக்கு இப்படி வந்துவிட்டது. என்ன பேசுவது? வாதம் பலிக்காது என்று பார்த்தோம். ஆமாம் சாமி போடுவதும் வேண்டாம்; ‘ஆமா, சித்தப்பன் பொல்லாதவன்தான்’ என்று சமாதானத்துக்குச் சொன்னது நாளைக்குச் சாட்சியாகிவிடும். பால்வெட்டுக்காரரின் அம்மா தானாகவே கண்டுபிடித்துச் சொல்லிவந்த வாக்கியம் இது: ‘எனக்கு அது தெரியல்ல மக்களே. ஆனா நீ பயந்து கிடக்கது தெரியுது. நான் இங்ஙனதான் இருக்கேன்.’ மூன்றுமே உண்மை. நோயாளிக்குப் பொய் சொல்லவுமில்லை, அவரைப் பொய்யர் ஆக்கவுமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடும்போதும் சந்தேகத்தைப் பேசாமல் உறக்கத்தைப் பேசலாம். ‘ராத்திரி ஒறக்கமில்லையே, அதுக்கு ஒரு மருந்து கேப்போம்’ என்றால் வருகிறவர்கள் பலர்.

குடும்பத்தாரிடம் நான் கேட்கிற முதல் கேள்வியும் ‘இது உண்மையா’ என்பதில்லை. ‘எப்போதிலிருந்து?’ அந்த அம்மா உடனே சொன்னார்: ‘இந்த ஓணத்துக்கு ஊஞ்சல் கெட்டினது இவன்தான் சாரே. அது கழிஞ்சுதான் ஒறக்கம் போச்சு. பின்ன குளி இல்ல. பின்னதான் இந்தப் பேச்சு.’ உறக்கம், குளி, பேச்சு. பிறவியிலேயே சந்தேகப்படுகிற சுபாவம் கொண்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால் ‘அவர் எப்பவும் அப்படித்தான்’ என்று பதில் வரும். ‘இன்ன தேதி வரைக்கும் நல்லா இருந்தான்’ என்று பதில் வந்தால் தாமதிக்கக் கூடாது. சிகிச்சை பிந்தப் பிந்தத் தேறுவதும் கடினமாகிறது.

தாமதம் எங்கே நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மந்திரவாதி, பீமாப்பள்ளி, ஏதாவது ஒரு கோயிலில் பஜனம். கடைசியில், ‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்’. இந்தக் கடைசி யோசனை மட்டும் மன்னிக்க முடியாதது. ஒரு பெண்ணையும் சேர்த்துக் கெடுக்கிறது. கோயிலைப் பற்றி எனக்கு அவ்வளவு கோபமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராம் குழுவினர், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தில்லை, பேயோட்டுகிற சடங்குமில்லை. சில வாரத் தங்கல், கோயிலில் சின்னச் சின்ன வேலை, கூடவே ஒரு சொந்தக்காரர். அளவுகோலில் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அடிக்காத, கேலி செய்யாத ஓரிடத்துக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது. சங்கிலி வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. கோயிலுக்குப் போகாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. போகும்போது மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போ என்பேன். முக்காலே மூணுவீசம் பேர் கேட்கிறார்கள்.

சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. மனநோயைப் பேசிய மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ 1993இல் வந்தது. படப்பிடிப்பில் ஒரு பகுதி நம் பத்மநாபபுரம் அரண்மனையில். அருமையான படம், ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு தந்திரத்தால் நோய் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை இரண்டு மாநிலத்துக்கும் கொடுத்துவிட்டது. எனக்கு முக்கியமானது அதற்கு முன்பு, 1987இல், லோகிததாஸ் எழுதி சிபி மலையில் இயக்கிய ‘தனியாவர்த்தனம்’. பரம்பரையில் பைத்தியம் ஓடுகிறது என்று ஊர் நம்புகிற தறவாட்டில் ஒரு வாத்தியார். மாமன் இறந்ததும் அடுத்தது இவர்தான் என்று ஊர் முடிவுசெய்கிறது. ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கிறது. மல்லாந்த சிரட்டையில் செய்தி படித்தவருக்கும் அந்த ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. மரபுக்கு நோயில் பங்கு உண்டு. ஆனால் உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு, இத்தகைய சந்தேகம் வரும் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. ஜாதகம் பார்த்து ஒதுக்குகிற அளவுக்கு அதில் நிச்சயம் எதுவும் இல்லை.

மருந்து. குளோர்புரோமசீன் 1952இல் பாரிசில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பின் எத்தனையோ. மருந்து நம்பிக்கையை அழிப்பதாக எண்ணாதீர்கள். அது முதலில் குறைப்பது அந்த முக்கியத்துவத்தின் எடையை. சில வாரம் கழித்துப் பால்வெட்டுக்காரரிடம் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டேன். ‘அவரு செஞ்சது நேருதான் சாரே. இப்பம் அதையே நினைச்சுகிட்டு இருந்தா மரம் யாரு வெட்டுகது?’ கேள்விப்பட்டதும் வீட்டார் சோர்ந்துபோனார்கள், இன்னும் தெளியவில்லையே என்று. எனக்கு அது போதுமாக இருந்தது. நம்பிக்கை தானாகத் தேய்வதற்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு மூலையில் கொஞ்சம் எஞ்சியும் இருக்கும், அதோடு வேலைக்குப் போய்க்கொண்டும் இருப்பார்கள்.

பக்கவிளைவை மறைக்கக் கூடாது. உடல் பெருக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும், சிலருக்குக் கை கால் விறைக்கும். விடியும் முன் எழுந்து வெட்டப் போகிறவனுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தூக்க மாத்திரை மாதிரி ஒன்றைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவான். அளவை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், மாதம் ஒரு ஊசியாகப் போடலாம். கேட்டால்தான் மாற்ற முடியும்.

எல்லையூர்க்காரர்களுக்கு இன்னொரு தொந்தரவு. இந்தப் பக்கம் வாங்கிய சீட்டு மலையாளக் குறிப்போடு அந்தப் பக்கம் போகிறது. அம்மா வீட்டில் இருக்கும்போது மாத்திரை தீர்ந்து, அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் வாங்கினால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு அளவில் வரும். சந்தேகத்தோடு இருப்பவரிடம் நிறம் மாறிய மாத்திரையைக் கொடுத்துப் பாருங்கள். மருந்தின் வேதிப்பெயரையும் மில்லிகிராமையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நிறம் மாறுகிற அன்று, கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. முதல் முறை வந்து முழுக்கத் தெளிந்தவர் குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டு. திரும்பத் திரும்ப வந்தவர் அதைவிட நெடுங்காலம். நிறுத்துவதானால் மருத்துவர் பார்வையில், மெல்ல மெல்ல. ஊசி மருந்துக்கும் மாத்திரைக்கும் இனி ஊளம்பாறைவரை போக வேண்டியதில்லை. கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1999இல் தொடங்கியது திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான். அதன் மருத்துவர்கள் குறித்த நாளில் சுற்றுப்புற அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். எந்த நாள், எங்கே என்று உங்கள் ஆஷா பணியாளருக்குத் தெரிந்திருக்கும். ஆள் வர மறுக்கிறார், யாரிடம் கேட்பது என்று தவிக்கிற வீட்டார், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பாறசாலையிலிருந்து பேசினாலும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.